முப்பத்தொன்பதாம் மணி

இரண்டேகால்.
செக்காலை சாலையில் நாய்களும் ஓய்ந்துவிட்டன.
ஐந்து லிட்டர் கண்ணாடிக் கலனுக்குள்
காற்று அடியிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது,
ஏறுவதாகத்தான் கம்ப்ரசர் சொல்கிறது.

நேற்றுக் காலை இது வெறும் சர்க்கரைத் தண்ணீர்.
குமிழிகள் கடுகு வெடிப்பதுபோல் சிதறி ஓடின.
முட்டைக்கோசு இலையின் ஓரத்தைக் கருக்குகிற கிருமி,
உள்ளே விட்டது ஒரு குப்பி.
தின்றன, பெருகின,
உடம்பைச் சுற்றி இழை இழையாய்ப் பசையைக் கக்கின.
இன்று விளக்கு வைப்பதற்குள் கஞ்சி.
குறிப்பேட்டில் நான் குழம்பு என்று எழுதுகிறேன்.
'ப்ராத் என்று எழுது உமையாள்,
படிக்கிறவனுக்குப் பசிக்கப்போகிறது'
என்று சிவப்பு மையில் சுழித்திருக்கிறார் கைடு.

கரைந்த ஆக்சிஜன் இருபத்திரண்டு.
பதினேழு.
ஒன்பது.

வேகத்தைக் கூட்டினேன்.
நானூறு சுற்று, ஐந்நூற்றைம்பது, எழுநூறு.
மோட்டார் முனகியது.
கலக்கியைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு ஒரே ஆட்டம்.
அதற்கு அப்பால், கண்ணாடியோரம்,
ஒரு தடித்த குமிழி.
அது நிற்கும் இடத்தை வெளியே பேனாவால் குறித்தேன்.
அரைமணி கழித்தும்
குறிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

கோட்டையூரில் நான் குடியிருக்கும் வீடும் இப்படித்தான்.
இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்கட்டு.
இருபத்தாறு பங்காளிகள், இருபத்தாறு பூட்டுகள்.
நடு வளவில் காற்று சுற்றிச் சுற்றி வரும்.
எனக்கு வாடகைக்கு வந்த உள்வீட்டில்
கொசுவத்திப் புகை எழுந்த இடத்திலேயே நிற்கும்.

அடைக்கலம் அண்ணன் கட்லெட் வாங்கி வந்தார்.
ஜெனரேட்டருக்கும் கம்ப்ரசருக்கும் இரவுக்காவல் அவர்தான்.
சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தார், வரவில்லை.
அடியில் நாலு தட்டு தட்டினார்,
தட்டு முழுக்க வந்து கொட்டியது,
கொட்டிய இடத்தில் குன்றுபோல் நின்றுகொண்டது.
'அடிச்சா இளகுது, விட்டா இறுகிக்கிது, என்ன சாமான்மா இது?'
லேபிளைத் திருப்பிப் பொடி எழுத்தைக் காட்டினேன்:
கெட்டிப்பான், நானூற்றுப் பதினைந்து.
'இதான் அது' என்று கலனைக் கைகாட்டினேன்.
அவர் கட்லெட்டைச் சாஸ் படாத பக்கமாய்க் கடித்தார்.

மூன்று ஐம்பதுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது.
டார்ச்சோடு அவர் படியிறங்கி ஓட,
நான் செல்போன் வெளிச்சத்தைக்
கலனுக்குப் பின்னால் பிடித்தேன்.

கலக்கி நின்றிருந்தது.
குமிழிகள் எதுவும் மேலே போகவில்லை.
இருந்த இடத்தில் இருந்தபடி
பசைக்குள் தொங்கிக்கொண்டிருந்தன.
தண்டைச் சுற்றி நுண்ணிய வெள்ளை மேகம்,
பனங்காய் அளவு, அவ்வளவுதான்.
மேலே ஒரு வெற்றிடம், கீழே மூலையில் ஒரு வெற்றிடம்,
சுவரோரம் நான் குறித்த அந்த ஒற்றைச் சோம்பேறி.
மற்ற இடமெல்லாம் தேன் நிறம், துளிக் காற்றில்லை.
அங்கே எத்தனை கோடி,
தாம் செய்த பசையிலேயே மூச்சு முட்டி?
முப்பத்தெட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை.

ஏழு நிமிடம்.
கீழே டீசல் உறுமியது.
மேகம் கிழிந்து மறுபடி சுழலானது.
சிலிண்டரைத் திறந்து
காற்றோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்தேன்.
பதினொன்று, பத்தொன்பது, இருபத்தெட்டு.
கைடு வந்தால் இந்த எண்ணைத்தான் கேட்பார்,
கேட்டுவிட்டு டீ சாப்பிடப் போவார்.
மானியின் முனை இருப்பதோ
கலக்கிக்கு இரண்டு விரல் தள்ளி.

குறிப்பேட்டில் எழுதினேன்:
முப்பத்தொன்பதாம் மணி.
கலக்கி அருகே, இருபத்தெட்டு.
சுவரோரம்
என்று எழுதிக் கோடு போட்டுவிட்டு,
கோட்டுக்கு மேலே
தெரியாது என்று எழுதினேன்.
சாஸ் விரல் பட்டு அந்தப் பக்கம்
கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.